முதலாம் செட்டில் ஒரு மொக்கு

கணக்கும் நானும் ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசியதில்லை, அந்தளவுக்கு மொக்கு நான். அப்படியிருந்தும் லண்டனில் ஐந்து வருடம் கணக்குப் பாடத்தில், கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பிரித்து இருத்துகிற முதலாம் செட்டில் இருந்தேன். இந்தச் சாதனைக்கு நான் பட்ட பாடு ஒன்றுமில்லை. எண்பதுகளின் நடுவில், பதினொரு வயதில், எண்ணெய் வைத்த இரட்டைப் பின்னலும் சோடாப்புட்டிக் கண்ணாடியுமாக வகுப்பு வாசலில் போய் நின்றேன், அவ்வளவுதான். கணக்கு வாத்தியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இலங்கைத் தமிழர்களா? உங்கள் ஆட்கள் எண்களில் கெட்டிக்காரர்களாயிற்றே" என்று சொல்லி மேல் செட்டில் இருத்திவிட்டார்.

அதே வாசலில் எனக்குப் பின்னால் நின்றவளையும் அவர் பார்த்தார். நோர்பரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த பிள்ளை. அவளுடைய அம்மா ஜமேக்காவிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். அந்தக் கறுப்புப் பிள்ளைக்கு வாய் கொஞ்சம் அதிகம், சிரிப்பு இன்னும் அதிகம். அவளுக்கு மூன்றாம் செட் என்று முடிவானது.

உண்மையில் கணக்குப் புலி அவள்தான். அவளுடைய மூன்றாம் செட் ஹோம்வேர்க் கேத்தில் கொதிக்கும் முன்னமே முடிந்துவிடும். பிறகு பொழுதுபோகாமல் என்னுடைய கொப்பியை இழுத்து எடுத்துச் செய்வாள். நான் அம்மா பொரித்த மீன் ரோல்ஸை அவள் பக்கம் தள்ளிவிடுவேன். இரண்டு பேருக்கும் நல்ல பேரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவுக்கு முதலில் இந்தச் சிநேகிதம் பிடிக்கவில்லை. "உந்தக் கறுவல் பெட்டையோட என்ன கூட்டு?" என்று கேட்பார். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே ஆகக் கறுப்பான ஆள் அம்மாதான். அதைச் சொல்லிக்காட்டி ஒருமுறை அகப்பைக்காம்பால் அடி வாங்கியும் கட்டினேன். ஆனால் அவள் அம்மாவின் ரோல்ஸை ஏழு சாப்பிட்டுவிட்டு எட்டாவதைக் கேட்ட நாளிலிருந்து, அம்மாவுக்கு அவள் "பாவம் பிள்ளை" ஆகிவிட்டாள்.

வகுப்புச் சோதனைகளில் நான் எப்படித் தப்பினேன் என்று கேட்பீர்கள். தப்பவேயில்லை. நூற்றுக்கு இருபத்தொன்று, பதினெட்டு என்று வரும். வாத்தியார் என் தோளைத் தட்டி, "ஹோம்வேர்க் இவ்வளவு அருமையாகச் செய்கிறாய், உனக்குப் பரீட்சைப் பயம்" என்பார். அவள் தன் செட்டில் தொண்ணூற்றாறு வாங்கினால் அதே மனிதர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "யாரைப் பார்த்து எழுதினாய்?" என்று கேட்பார். அவள் அதை நடித்துக் காட்டி என்னைச் சிரிக்க வைப்பாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். என்ன சிரிப்போ அது.

அப்பா ஸ்ட்ரெதமில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்தார். அவருக்கு ஆசிரியர் என்றால் சாமி. பெற்றோரை ஆசிரியர்கள் சந்திக்கிற முதல் பேரன்ட்ஸ் ஈவினிங்கில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "சேர், படிக்காவிட்டால் அடியுங்கள், நான் ஏனென்று கேட்கமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த கிழமை, பிள்ளைக்கு அடி விழுகிற வீடோ என்று பார்க்க, கவுன்சிலிலிருந்து ஒரு அம்மணி வந்து, என் கைகால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். "நல்லது சொன்னாலும் பிழையோ?" என்று அப்பா கனகாலம் குழம்பினார். ஆனால் என் கொப்பியை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அது பள்ளிக்கூடத்தின் வேலை என்று விட்டுவிட்டார். சிநேகிதியின் அம்மாவும் அப்படித்தான், வாத்தியார் சொன்னால் சொன்னதுதான். இந்த விஷயத்தில் யாழ்ப்பாணமும் ஜமேக்காவும் ஒரே ஊர்.

கடைசி வருடம், தை மாதம், அவள் எங்கள் வீட்டு மேசையில் ஒரு கடிதத்தை வைத்தாள். பொதுப் பரீட்சையில் அவளுக்குக் கணக்கில் கீழ்ப் பேப்பர் என்று பள்ளிக்கூடம் தீர்மானித்திருந்தது. அந்தப் பேப்பரை ஒரு பிழையில்லாமல் எழுதினாலும் 'சி' கிடைக்காது. 'சி' கூட இல்லையென்றால் மேலே கணக்குப் படிக்க முடியாது. கணக்கு இல்லையென்றால், பதினொரு வயதிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்த பொறியியல் படிப்பும் இல்லை. கடிதத்தின் அடியில் அவளுடைய அம்மாவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில், பள்ளிக்கூடம்தானே என்ற நம்பிக்கையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவள் அன்றைக்கு ரோல்ஸைத் தொடவில்லை. என் கொப்பியையும் தொடவில்லை.

அந்த வியாழக்கிழமை பேரன்ட்ஸ் ஈவினிங். ஒரு குடும்பத்துக்கு ஐந்து நிமிடம். எங்கள் முறை வந்தபோது வாத்தியார் என் கொப்பியை விரித்துப் புகழ்ந்து தள்ளினார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டும், ஒரு பூசணிக்காய் அளவுக்கு விரிந்திருந்தது. நாங்கள் எழும்பி நகரும் முன்னமே, அடுத்ததாக அவளும் அவளுடைய அம்மாவும் வந்து இருந்தார்கள். அவளுடைய அம்மாவுக்கும் அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது.

"ஏன் என் பிள்ளைக்குக் கீழ்ப் பேப்பர்?" என்று கேட்டார்.

"அவளுடைய அளவுக்கு அதுதான் பொருத்தம். மேல் பேப்பர் என்றால் இந்தத் தரம் வேண்டும்" என்று சொன்ன வாத்தியார், ஆதாரமாக எடுத்துக் காட்டியது என்னுடைய கொப்பியை.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயாடி, ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் என் தோல் உரியும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், அப்பாவின் பயம் இன்னொரு பக்கம்.

"சேர், அது நான் செய்ததில்லை. எல்லாம் இவள் செய்தது" என்றேன்.

வாத்தியார் சிரித்தார். "நீ நல்ல சிநேகிதி" என்றார். மனுஷன் நம்பவில்லை! ஐந்து வருடத்தில் முதல்தடவையாக உண்மை பேசினேன், அதற்கும் எனக்கு நற்சான்றிதழ்தான்.

அப்போதுதான் அப்பா, வாத்தியாரை எதிர்த்து மூச்சுக்கூட விடாத அப்பா, திரும்பி வந்து மேசையில் கையை ஊன்றினார். "சேர், இரண்டு பேருக்கும் ஒரு கணக்குக் கொடுங்கள். இப்போதே" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். வாத்தியாருக்கு வேறு வழியில்லை. இரண்டு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஒரு செவ்வகத் தோட்டம், நீளம் அகலத்தைவிட மூன்று மீட்டர் கூட, பரப்பளவு நாற்பது, நீளமும் அகலமும் என்ன?

நான் தோட்டத்தை வரைந்தேன். அழகாக ஒரு வாசல் படலையும் வைத்தேன். அதற்குமேல் ஒன்றும் ஓடவில்லை. அவள் நாலு வரி எழுதிப் பேனையை வைத்துவிட்டாள். நீளம் எட்டு, அகலம் ஐந்து.

வாத்தியார் என் தோட்டத்தைப் பார்த்து, "பாவம், பதறிவிட்டாள்" என்றார். பிறகு அவளுடைய காகிதத்தை எடுத்தார். வழக்கமான கேள்வி நுனிநாக்குவரை வந்தது, நான் கண்ணால் கண்டேன். ஆனால் பார்த்து எழுத அந்த மேசையில் என்னுடைய படலையைத் தவிர வேறொன்றும் இல்லை.

அவளுடைய அம்மா அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி, இரண்டாகக் கிழித்தார். "வாசிக்காமல் கையெழுத்து வைத்தது என்னுடைய பிழை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். இனிமேல் நீங்கள் முதலில் கையெழுத்து வையுங்கள், நான் வாசித்துவிட்டு வைக்கிறேன்" என்றார். குரல் உயரவில்லை.

பஸ் தரிப்பில் அப்பா என் மேல் பாய்ந்தார். "அஞ்சு வருசமா என்னைப் பேய்க்காட்டியிருக்கிறாய்!" பஸ் வரும்வரை பேசினார். பஸ்ஸுக்குள் ஏறி இருந்தபிறகு, "நானும் ஒருநாளாவது உன்ர கொப்பியைத் திறந்து பாத்திருக்கவேணும்" என்றார். வீட்டில் அம்மாவின் கவலை வேறு. "ஐயோ, பிள்ளை முதலாம் செட் எண்டு ஹரோவில இருக்கிற சொந்தக்காரர் மட்டும் போன் பண்ணிச் சொல்லிப்போட்டனே!" என்று தலையில் கைவைத்தார்.

அவளுக்கு மேல் பேப்பர் கிடைத்தது. நானே கேட்டு, 'சி' வரைக்கும் கிடைக்கிற நடுப் பேப்பருக்கு என்னை இறக்கிக்கொண்டேன். நாலு மாதம் அதே மேசையில் அவள் என் காதைத் திருகிப் படிப்பித்தாள். அவளுடைய அம்மா வேலை முடிந்து வந்து பக்கத்தில் இருந்து, "இதை எனக்கு விளங்கப்படுத்து" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அப்பா தினமும் கொப்பியைத் திறந்து, ஒன்றும் விளங்காமல், கையெழுத்து வைத்தார்.

ஆவணியில் முடிவு வந்தது. எனக்கு 'சி', அவளுக்கு 'ஏ'. வாத்தியார் ஓடிவந்து என் கையைப் பிடித்து, "பயத்தை வென்றுவிட்டாய்!" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, முழு ஆச்சரியத்தோடு, "உனக்கு யார் சொல்லித்தந்தது?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறக்கும் முன் அவளுடைய அம்மா, ஆஸ்பத்திரிச் சீருடையோடு, பதில் சொன்னார்.

"நீங்கள் சொல்லித்தந்திருக்க வேண்டும், சேர்."