மங்கலத்துக்கு வந்த ஆத்தா

காடாம்புலியூரில் மங்கலத்தை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறமில்லாதவள் என்பதால் ஊருக்கு அவள் வெள்ளச்சி. பக்கத்து வீட்டுக்காரி நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் கூப்பிட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தத் தோல் வெயில் தாங்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாத்தனார் புஷ்பவள்ளிக்கு மட்டும் தெரியாதாம். பதினைந்து வருடம் அவளைக் களத்தில் நிறுத்தி, காயும் முந்திரிக்கொட்டையைக் கிளற வைத்தாள். மங்கலத்தின் புருஷன் ராஜவேல் அக்கா முன்னால் வாய் திறக்க மாட்டான். அவனும் ஒரு ஆம்பிளை.

2010 பங்குனியில் அவள் கன்னமெல்லாம் சொரசொரப்பு, கீழுதட்டில் ஆறாத வெடிப்பு. நான்தான் சிதம்பரத்துக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். சதை கிள்ளிச் சோதித்த டாக்டர், இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, விட்டால் ஆகிவிடும் என்றார். ஒரு களிம்பு கொடுத்தார். நான்கு வாரம் பூச வேண்டும். முகம் சிவந்து புண்ணாகும், அது மருந்து வேலை செய்வதற்கு அடையாளம், பாதியில் விடக்கூடாது, வெயிலில் போகவே கூடாது என்றார்.

மூன்றாம் வாரம் முகம் அப்படியே புண்ணானது. புஷ்பவள்ளி வாசலில் வேப்பிலை செருகினாள். "ஆத்தா வந்துருக்கா, மருந்து கிருந்து தொடக்கூடாது" என்று களிம்பைக் குப்பைமேட்டில் வீசினாள். அம்மை முகத்தில் மட்டுமா வரும் என்று கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் அறிவில்லை.

நான் குப்பையிலிருந்து களிம்பை எடுத்துக் கழுவி, பின்பக்க ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லி புஷ்பவள்ளியை ஒரு வழி பண்ணட்டுமா என்றேன்.

"வேணாங்க்கா" என்றாள் மங்கலம். "ஆத்தா இருக்கற வரைக்கும் என்ன வெயிலுக்கு அனுப்ப மாட்டாங்க."

கதவைச் சாத்திக்கொண்டு நான்கு வாரக் கணக்கையும் பூசி முடித்தாள். அதற்குப் பிறகும் பொருக்கு உதிர நாளாயிற்று. ஆத்தா இறங்காததைக் கண்டு புஷ்பவள்ளி பயந்துபோய், "தாயே" என்று தினமும் இளநீர் வைத்துக் கும்பிட்டாள். பார்க்கப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

உதடு ஆறியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு, நாளைக்குக் களத்துக்கு வா என்றாள் புஷ்பவள்ளி.

"ஆத்தா வரவே இல்ல அண்ணி. அது டாக்டரு குடுத்த மருந்து. இத்தினி நாளா நீங்க கும்புட்டது என்னத்தான். இனிமே நான் வெயிலுக்கு வரமாட்டேன்."

மறுநாள் உச்சிவெயிலில் புஷ்பவள்ளியே களத்தில் கொட்டை கிளறினாள். வேலையைப் போட்டுவிட்டுப் போய், ஆசை தீர நின்று பார்த்தேன்.