எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள்

சாலம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஓட்டு வீடு. பன்னிரண்டு வயதில் களை எடுக்கப் போனவள். நாற்று நட்டு, கரும்பில் காய்ந்த சோகையை உரித்து, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பிறர் நிலத்தில் குனிந்தே இருந்தவள். இரண்டாயிரத்து இருபத்து நாலு ஜூனில் அந்தப் பகுதியில் சாராயம் குடித்துச் செத்தவர்களில் அவள் புருஷனும் ஒருவன். அதைப் பற்றி விசாரித்து வருகிறவர்களை அவள் உட்காரச் சொல்வதில்லை. முட்டி தேய்ந்து வயலில் இறங்க முடியாமல் போனதும், கச்சிராயபாளையம் சாலையில் உள்ள மறதி நோயாளிகள் காப்பகத்தில் ஆயாம்மா வேலைக்குச் சேர்ந்தாள். என் அம்மாவைச் சாப்பிட வைத்த கடைசி ஆள் அவள்தான்.

அந்தக் காப்பகம் முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. கல்யாணங்கள் வேறு மண்டபங்களுக்குப் போய்விட்டதும், உரிமையாளர் பிரவீன்குமார் மணமேடையில் நான்கு கட்டில் போட்டு அதற்குச் சிறப்புப் பிரிவு என்று பெயர் வைத்தார். பந்தி மேசைகளை அப்படியே விட்டுவிட்டார். வரவேற்பறைச் சுவர் முழுக்கக் கல்வராயன் மலையின் பெரிய படம். சன்னலைத் திறந்தால் நிஜ மலையே தெரியும். ஆனால் திறக்க மாட்டார்கள். ஏறிக் குதித்துவிடுவார்களாம், எண்பது வயதுக்காரர்கள்.

உள்ளே எட்டு கேமரா உண்டு. பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும் போனில் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான பிள்ளைகள் காலை பத்து மணிக்குப் பார்க்கிறார்கள் என்பதை பிரவீன்குமார் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். ஆகவே ஒன்பதே முக்காலுக்கு எல்லோர் முகத்திலும் பவுடர் அப்பி, தலை வாரி, வரிசையாக உட்கார வைப்பார்கள். பதினொரு மணிக்கு மேல் யாருக்கு எது நனைந்தாலும் சாயங்காலம்தான் மாற்றுவார்கள். கேமராவில் நாற்றம் தெரியாது. சென்னையில் இருக்கும் என் தம்பி அன்புச்செல்வன் தினமும் பத்து மணிக்குப் பார்த்துவிட்டு, அம்மா ஜம்மென்று இருக்கிறாள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதுவான். நாங்கள் எல்லோரும் கைகூப்பிய படம் போடுவோம். எங்கள் பாசம் அந்த அளவில் இருந்தது.

அம்மாவின் பெயர் அமிர்தம். எலவனாசூர்கோட்டையில் நிலம் வைத்திருந்த குடும்பத்துக்கு மருமகளாக வந்து ஐம்பது வருஷம் சமைத்தவள். அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. பகலில் முதலில் கொல்லைப்புறத்தில் வேலையாட்களுக்குக் கஞ்சி ஊற்றுவாள். பிறகு ஆண்கள் சாப்பிடுவார்கள். பிறகு பிள்ளைகள். மூன்று மணிக்கு அவள். இதைப் பெருந்தன்மை என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். ஆட்கள் வயிறு நிறைந்தால்தான் மறுபடி வயலில் இறங்குவார்கள் என்பதைச் சொல்ல மாட்டோம்.

காப்பகத்தில் பன்னிரண்டரை மணிக்கு எல்லோரையும் பந்தி மேசையில் உட்கார வைத்துத் தட்டை நீட்டுவார்கள். அம்மா எழுந்துவிடுவாள். தன் தட்டுச் சோற்றைப் பக்கத்துத் தட்டுகளில் தள்ளுவாள். பின்கதவுப் பக்கம் போய் நின்று, எத்தினி ஆளு, எத்தினி ஆளு என்று கேட்பாள். இழுத்து வந்து உட்கார வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். பதிவேட்டில் "உணவு மறுப்பு, மூர்க்கம்" என்று எழுதினார்கள். மூன்று வாரத்தில் நான்கு கிலோ இறங்கினாள். மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்று பிரவீன்குமார் அப்போதே சொன்னார். குழாய் போட்டவர்களிடம் அவருக்குத் தனிப் பிரியம். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிஷம், சிந்தாது, எழுந்து ஓடாது.

அந்தச் சமயத்தில்தான் சாலம்மாள் வேலைக்கு வந்தாள். வந்த மூன்றாம் நாள், எத்தினி ஆளு என்று அம்மா கேட்டபோது, எட்டு ஆளுங்கம்மா என்று பதில் சொன்னாள். அதுவரை யாரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை. படித்த நர்சும் சொல்லவில்லை, பெற்ற மகளும் சொல்லவில்லை. சாலம்மாள் எங்கள் கொல்லைப்புறம் மாதிரியான கொல்லைப்புறங்களை வெளியிலிருந்து பார்த்தவள். பாத்திரத்தை ஏந்திக்கொண்டு நின்ற பக்கத்திலிருந்து.

பின்கதவு ஓரம் தரையில் உட்கார்ந்து தட்டை வைத்தாள். அம்மா கரண்டியை எடுத்து, குனியாமல், கையை உயரத் தூக்கி, தட்டில் படாமல் மேலிருந்து ஊற்றினாள். ஏய், இன்னும் ஊத்தட்டுமாடி என்று கேட்டாள். சாலம்மாள் ஊற்றச் சொல்லிவிட்டு, அவள் பார்க்கும்படி நாலு வாய் சாப்பிட்டாள். ஆளுங்க எல்லாம் ஆச்சிங்கம்மா, நீங்க உக்காருங்க என்றாள். அம்மா உட்கார்ந்து ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டாள். அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும். இரண்டு மாதம் பதிவேட்டில் அம்மாவின் பெயருக்கு நேராக "முழுதும் உண்டார்" என்றே இருக்கிறது. எப்படி என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் என் தம்பி பகல் ஒரு மணிக்குப் போனைத் திறந்து பார்த்தான். ஆயாம்மா தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள். அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டான். சித்தப்பா மகன் போலீசுக்குப் போகலாம் என்றான். ஆறு வருஷமாக அம்மாவை வந்து பார்க்காத அத்தை, வயிறு எரிகிறது என்று குரலில் பேசி அனுப்பினாள். நானும் சிவந்த முகம் ஒன்றைப் போட்டேன்.

நோயாளியின் உணவை ஆயாம்மாக்கள் சாப்பிடக் கூடாது என்பது அங்கே விதி. பிரவீன்குமார் ஒரு மணி நேரத்தில் சாலம்மாளை வெளியே அனுப்பிவிட்டு, இத்தகைய செயல்களை எங்கள் நிறுவனம் பொறுத்துக்கொள்ளாது என்று எங்களுக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தில் தமிழைவிட முத்திரை பெரிதாக இருந்தது. என்ன நடந்தது என்று அவளை யாரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் பிரவீன்குமார் எனக்குப் போன் செய்து, நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று துக்கமாகச் சொன்னார். நான் போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். சாலம்மாள் வெளியே போன மறுநாளே நோய் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. அதை அவரிடம் காட்டினேன். தற்செயல் மேடம் என்றார்.

கருணாபுரத்துக்குப் போய் அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். என்னையும் அவள் உட்காரச் சொல்லவில்லை. நடந்ததை நின்றுகொண்டே சொன்னாள். மற்றவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"யாரு கேட்டாங்க? நான் பன்னெண்டு பேர பாக்கணும். ஒரு அம்மா தானா துன்னா எனக்கு ஒரு வேல கம்மி, அவ்ளோதான்."

பிறகு, "உங்கம்மாவுக்குப் பெத்த புள்ள பேரு மறந்துபோச்சி, ஊரு மறந்துபோச்சி. கையத் தூக்கி ஊத்துறது மட்டும் மறக்கல," என்றாள். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது.

மறுநாள் பகல் நானே பின்கதவு ஓரம் தட்டோடு உட்கார்ந்தேன். அம்மா என்னை அடையாளம் தெரியாமல்தான் பார்த்தாள். ஆனால் என் புடவையைப் பார்த்தாள், தோட்டைப் பார்த்தாள். "நீ இன்னாத்துக்கு இங்க உக்காந்துக்கினு இருக்கற? உள்ள போய் சாப்புடு. ஆளுங்க இன்னும் வர்ல," என்றாள். அன்றும் சாப்பிடவில்லை.

பிரவீன்குமாரிடம் சாலம்மாளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்டேன். எடுத்தால் மற்ற குடும்பங்களுக்கு என்ன பதில் சொல்வது என்றார். பகலில் அரை மணி நேரம் மட்டும் வரட்டும் என்றேன். கேமரா இருக்கிறதே மேடம் என்றார். தம்பியிடம் பேசினேன். ஒரு வேலைக்காரி அம்மாவை அதட்டிப் பரிமாற வைத்ததை நான் நியாயப்படுத்துகிறேன் என்றான். குழாயில் போகிற உணவில் எத்தனை சத்து என்று மருத்துவர் அனுப்பிய பட்டியலை எனக்கும் அனுப்பி வைத்தான். அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். திருக்கோவிலூரில் எனக்கு வீடு இருக்கிறது, அதில் ஒரு அறை காலியாகவும் இருக்கிறது. அந்தக் கேள்வியை அப்போது நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை குழாய் போட்டார்கள். நேரில் இருக்கும் உறவினர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போட்டேன். குழாயைப் பிடுங்காமல் இருக்க இரண்டு கையிலும் துணிப் பை மாட்டி மணிக்கட்டில் கட்டினார்கள். அம்மா பத்தொன்பது நாள் இருந்தாள். கடைசியில் நுரையீரலில் சளி கட்டிப் போனாள். காப்பகம் அனுப்பிய இரங்கல் கடிதத்தில், அன்னாரின் எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்ததைப் பெருமையுடன் குறிப்பிட்டிருந்தார்கள். தம்பி அதையும் குழுவில் போட்டான். கைகூப்பிய படங்கள் வந்தன.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு சாலம்மாளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இப்போது அவள் சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவுகிறாள். உட்கார்ந்து செய்கிற வேலை. சுற்றிலும் கிழங்குக் குவியல். அம்மா போய்விட்டதைச் சொன்னேன். கத்தி நிற்கவில்லை.

"மூக்குல போட்டாங்களா?"

ஆமாம் என்றேன்.

"யாரு கையெழுத்து போட்டது?"

நான்தான் என்றேன். அவளைத் திரும்ப எடுக்கச் சொல்லி நான் எவ்வளவோ கேட்டதையும், அவர்கள் மறுத்ததையும் சொன்னேன். நானே உட்கார்ந்து பார்த்ததையும் சொன்னேன். நியாயமாக நடந்துகொண்டதாக என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அதற்கு அவளிடம் ஒரு வார்த்தை வாங்கிப் போகத்தான் வந்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

சாலம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தாள்.

"நான் எதுக்குங்கம்மா? பகல்ல தாராளமா பாக்க வர்லாம்னு வாசல்லயே எழுதிப் போட்டுக்கீறாங்க இல்ல. உங்க நெலத்துல ஆளுங்களே இல்லியா? ரெண்டு பேர ஆட்டோல ஏத்தியாந்து எதிர்ல உக்கார வச்சி, துன்னுங்கடின்னு சொல்லியிருந்தா, அந்தம்மா துன்னுருக்கும்."

பக்கத்தில் இருந்த பெண்கள் சீவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சாலம்மாள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

குழாய் போட்ட அந்த வாரம் எலவனாசூர்கோட்டையில் எங்கள் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. பதினோரு ஆள். பகல் சாப்பாட்டுக்கு அவர்களுக்குக் கடையிலிருந்து பொட்டலம் வாங்கிக் கொடுக்கும்படி மேஸ்திரிக்குப் போனில் சொன்னவள் நான்தான்.