மீன் தொட்டிக்குப் பின்னால் வைத்த கண்ணாடி

சித்தப்பா கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் குத்துவிளக்குகளும் சுவர்க் கடிகாரங்களும் போக, பெரிய மீன் தொட்டி ஒன்றும் இருந்தது. வாங்கித் தந்த நண்பர்கள் மீன் வாங்க மறந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே மீன் என்னுடையது. அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில், அப்பாவை நச்சரித்து வாங்கிய நீல நிற ஃபைட்டர். சமையலறை ஜன்னலில், ஒரு ஊறுகாய் பாட்டிலுக்குள், அது ராஜா மாதிரி வாழ்ந்துகொண்டிருந்தது. தண்ணீரின் மேல்மட்டத்தில் நுரை நுரையாகக் கூடு கூடக் கட்டியிருந்தது.

நான்காம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் அனுமதி கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், பாட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மீன் ஹாலில், விளக்கு போட்ட புதுத் தொட்டியில் இருந்தது. கல்யாணம் முடிந்து இன்னும் உறவினர்கள் வந்துகொண்டிருந்த நேரம். புதுப்பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தொட்டியையும் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மீனோ யாரையும் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால் மூலையில் ஒட்டிக்கொண்டது. நீலம் வெளுத்து, உடம்பில் கோடுகோடாக விழுந்தது. போட்ட தீனி உருண்டைகள் ஊறி அடியில் இறங்கின. வகுப்பில் கழித்தல் கணக்கு போடும்போதும் அந்த மூலைதான் கண்ணுக்குள் நின்றது. அப்பாவிடம் சொன்னால், "வூடுதான் பெருசாயிருச்சே, அதுக்கென்ன கொறைச்சல்?" என்று கேட்டுவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார்.

கல்லங்குறிச்சியிலிருந்து வந்திருந்த அத்தைக்கு மட்டும் உடனே விஷயம் புரிந்துவிட்டது. அத்தைக்குப் புரியாத விஷயமே கிடையாது. ஊர்க்கண் அத்தனையும் பட்டால் மீன் எப்படித் தாங்கும் என்றாள். உப்பும் மிளகாயும் எடுத்துத் தொட்டிக்குச் சுற்றிப் போட்டாள். எங்கள் பக்கம் புதுக் கடையோ புது வீடோ திறந்தால் வாசலில் ஒரு கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். பார்க்கிறவன் கண் அதில் பட்டு அவனிடமே திரும்பிப் போய்விடுமாம். அத்தை அப்படி ஒரு கண்ணாடியைத் தேடி எடுத்து, ஹாலைப் பார்க்கிற மாதிரி தொட்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள்.

மீன் திரும்பியது. அடுத்த நொடி செவுளும் வாலும் துடுப்பும் விசிறிபோல் விரிந்தன. போன நீலம் பளீரென்று திரும்பி வந்தது. வீடே கூடி வேடிக்கை பார்த்தது. வந்தவர்களுக்கெல்லாம் அத்தை இதைக் காட்டினாள். எனக்குப் போன உயிர் வந்தது. அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

ஆனால் அது விரித்தது விரித்தபடியே, ஓய்வில்லாமல் கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. தீனியை அப்போதும் தொடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பார்த்தபோது வால் நுனி கிழிந்து, அடியில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அறையிலிருந்து வெளியே வந்தது சித்திதான். அரும்பாவூரிலிருந்து வந்த புதுப்பெண். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதைத் தவிர அதுவரை அவள் பேசி நான் கேட்டதில்லை. தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். விளக்கை அணைத்தாள். தன்னுடைய பழைய தாவணி ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிப் போர்த்தினாள்.

"அது சந்தோஷத்துல விரிக்கல பாப்பா. பயந்துபோய் விரிக்குது. கொஞ்ச நாளு யாரும் பாக்காம வுட்டா, தானா சாப்புடும்."

உங்கள் வீட்டில் மீன் வளர்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்புறம் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, என் தலையைத் தடவினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாவணியின் ஓரத்தைத் தூக்கி ஒரு உருண்டையைப் போட்டேன். மீன் மெதுவாக மேலே வந்து, அதைக் கவ்விக்கொண்டு மறுபடி செடிக்குள் போய்விட்டது. ஓடிப்போய் சித்தியிடம் சொல்லவேண்டும் போல் இருந்தது. ஆனால் அப்போதுதான் திருமானூரிலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அத்தை அறைவாசலில் நின்று குரல் கொடுத்தாள். சித்தி பீரோ கண்ணாடி முன்னால் நின்று பூ வைத்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையும் காசுமாலையுமாகக் காபித் தட்டோடு ஹாலுக்கு வந்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். நான் அவளை அவ்வளவு அழகாகப் பார்த்ததே இல்லை.

"அதுக்குள்ள நல்லா பழகிட்டா," என்றார்கள் வந்தவர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவர்கள் போனபிறகு சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். மத்தியானம் அம்மா சித்திக்குப் போட்டு மூடிவைத்த தட்டு அப்படியே இருந்தது. சோறு காய்ந்திருந்தது. பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் மீனுக்கு இன்னொரு உருண்டை போடப் போனேன்.