மஞ்சத்தண்ணி குடித்த சாணித் தொட்டி

எங்கள் அக்காவுக்குப் புகை ஆகாது. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் வாழ்க்கைப்பட்டு வந்த அன்றைக்கே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனவள். மழைக்காலத்தில் ஈரக் கருவேல விறகை அடுப்பில் வைத்து ஊத ஆரம்பித்தால் போதும், அவளுக்கு இளைப்பு வந்துவிடும். அடுப்பை நான் பார்க்கிறேன் என்று பிடுங்கிக்கொண்டாலும், புகை என்ன என் முந்தானைக்குள்ளேயா இருக்கும்? வீடெல்லாம் சுற்றும். சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சுக்குத் தவிப்பாள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருப்பத்தூரிலிருந்து காரைக்குடி போகிற வழியில் எங்கள் ஊர், விவசாயக் குடும்பம். காரைக்குடி டாக்டர், புகைப் பக்கமே அவள் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் மாமியார், அதுதான் அயித்தை, யோசித்து ஒரு முடிவெடுத்தார்கள். அக்காவின் அண்ணன் மதுரையில் ஸ்டவ் வைத்துச் சமைக்கிற வீட்டில் இருந்தார். எங்கள் ஊரில் மண்ணெண்ணெய் விளக்குக்கே பத்தாது. அதனால் வைகாசி முடிகிறபோது அவர் வந்து அவளைக் கூட்டிப் போகட்டும், உடம்பு தேறினதும் திரும்பி வரட்டும், பள்ளிக்கூடம் போகிற மகன் மட்டும் இங்கே இருக்கட்டும் என்றார்கள். அக்காவின் புருஷன் அம்மா பேச்சுக்கு மறுபேச்சு பேசத் தெரியாத மனுசன்.

கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் எங்கள் தெருவிலேயே இப்படி உடம்பு தேறப் போன ஒருத்தி திரும்பி வரவே இல்லை. அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து யூனியன் ஆபீசிலிருந்து கிராம சேவக் சைக்கிளில் வந்து ஊர் நடுவே மந்தைத் திடலில் கூட்டம் போட்டார். மாட்டுச் சாணியையும் தண்ணீரையும் கரைத்துத் தொட்டியில் விட்டால் கேஸ் வரும், மேலே கவிழ்த்திருக்கிற இரும்பு டிரம் கேஸ் சேரச் சேர எழும்பும், அதைக் குழாய் வழியாக அடுப்புக்குக் கொண்டு வரலாம் என்றார். சாணியில் காபி போடப் போகிறார்களாம் என்று ஆம்பளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புகையே வராது என்று அவர் கடைசியில் சொன்னது மட்டும்தான் என் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைப் பிடித்த பிடியில், சரி என்று சொல்லித்தான் மனுசன் தப்பித்தார். அயித்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் மாடுகளின் சாணி அந்தத் தொட்டிக்குக் காணாது. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். சாணியைக் கொடுங்கள், கேஸ் போனபின் வருகிற கரைசலை வயலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் எரிந்தால் அடுத்த தொட்டி உங்கள் வீட்டில் என்றேன். தெருவில் அடுப்பூதிக் கண் சிவக்காத பொம்பளை ஒருத்தி உண்டா? அத்தனை பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

அப்புறம் எங்களுக்குச் சாணிப் பைத்தியம் பிடித்துவிட்டது. சந்தைக்குப் போகிற மாடுகளுக்குப் பின்னால் கூடையோடு ஓடினோம். வாசலில் சாணி தெளிப்பதை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரில் கோலம் போட்டோம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்து இறங்கிய வண்டியின் மாடு சாணி போட்டதுதான் தாமதம், ஆரத்தித் தட்டோடு நின்ற ரெண்டு பேர் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்கள். பெண் வீட்டார் திட்டின திட்டு இருக்கிறதே! எங்களுக்கு அதுவும் சிரிப்பாகத்தான் இருந்தது.

தொட்டி கட்டி முடித்து ஒரு வெள்ளிக்கிழமை நிரப்பினோம். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த அயித்தை குளித்துவிட்டுப் பித்தளைக் குடத்தில் மஞ்சத்தண்ணியும் கை நிறைய வேப்பிலையுமாக வந்து நின்றார்கள். புதுக் கிணறு வெட்டினால் செய்கிற முறை அது. சோறாக்கப் போகிற கேஸ், புழு பூச்சி அண்டக்கூடாது என்று சொல்லித் தொட்டிக்குள் ஊற்றினார்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அயித்தையே ஊற்றினபின் தெருப் பொம்பளைகள் சும்மா இருப்பார்களா? செவ்வாய், வெள்ளி தவறாமல் வீட்டுக்கு ஒரு குடம். அம்மன் கோயிலில்கூட அவ்வளவு மஞ்சத்தண்ணி ஓடியிருக்காது.

டிரம் எழும்பவே இல்லை. சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்துக்கொண்டு, விரல்கடை உயர்ந்திருக்கிறது என்று ஒருத்தி சொல்ல, உன் கண்ணில்தான் கோளாறு என்று இன்னொருத்தி சொல்ல, தொட்டிக்கரையே கதியென்று கிடந்தோம். பங்குனி போய் சித்திரையும் முடிந்தது. அக்காவின் அண்ணனிடமிருந்து வைகாசிக் கடைசியில் வருவதாகத் தகவல் வந்தது. நான் சோறு தண்ணி இறங்காமல் திரிந்தேன்.

கிராம சேவக் வந்து ஒரு மூங்கில் கழியை உள்ளே விட்டுக் கலக்கினார். வேப்பிலை கொத்துக் கொத்தாக மேலே வந்தது. கரைசலே மஞ்சளாக இருந்தது. இது யார் வேலை என்று கேட்டார். அயித்தை பெருமையாக முன்னால் வந்து, பூச்சி சேராமல் இருக்கத்தான் என்றார்கள்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு தொட்டிக்கரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆத்தா, கண்ணுக்குத் தெரியாத பூச்சி உள்ள இருந்தாத்தான் கேஸே வரும். அதுகளுக்குப் போயி மஞ்சளும் வேப்பிலையும் குடுத்திருக்கீகளே!"

யாரோ களுக்கென்று சிரிக்க, தெருவே சிரித்தது. அயித்தை சிரிக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியை எடுத்து முதல் ஆளாக அள்ள ஆரம்பித்தார்கள்.

நாங்களும் சேர்ந்து அள்ளிக் கொட்டிக் கழுவினோம். புதுச் சாணியோடு, கேஸ் வருகிற தொட்டிக் கரைசல் கொஞ்சம் உறை ஊற்றினால் சீக்கிரம் பிடிக்கும் என்று கிராம சேவக் சொன்னார். பாலுக்கு மோர் ஊற்றுகிற மாதிரி என்றதும் எங்களுக்குச் சட்டென்று புரிந்துபோனது. திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படித் தொட்டி இருந்தது. என் வீட்டுக்காரர் டின்களில் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினார். வழியில் ஒரு டின் மூடி திறந்துகொள்ள, கண்டக்டர் அவரையும் டின்களையும் நடுரோட்டில் இறக்கிவிட்டார். ஒரு மாட்டுவண்டியைப் பிடித்து அவர் வந்து சேர்ந்த கோலத்தைப் பார்த்து அக்காவே சிரித்துவிட்டாள். சிரித்ததில் இருமல் வந்து, அடங்க வெகு நேரம் ஆனது.

வைகாசி வெயில் கைகொடுத்தது. ஒருநாள் காலையில் சுண்ணாம்புக் கோடு நன்றாக மேலே ஏறி நின்றது. முதலில் சேர்ந்ததில் காற்று கலந்திருக்கும், அதைத் திறந்துவிட வேண்டும் என்று கிராம சேவக் சொல்லியிருந்தார். திறந்துவிட்டோம், மறுபடியும் ஏறியது. அவர் வந்து அடுப்புக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் அக்காவின் அண்ணனும் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

தீக்குச்சியைக் கிழித்து வைத்தார்கள். புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பட்டப்பகலில் நெருப்பு கண்ணுக்கே தெரியவில்லை. பத்தவே இல்லையே என்று அயித்தை கையை நீட்டி, ஆத்தாடி என்று பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அப்புறம் குனிந்து பார்த்தால் நீலமாக எரிகிறது. புகை இல்லை, கரி இல்லை. தெருவே எங்கள் அடுப்படியில் நெருக்கியடித்து நின்று குலவை போட்டது.

அக்கா காபி போட்டாள். ஆனால் சாணிக் காபியை யார் முதலில் குடிப்பது? ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். அயித்தை டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்து, சீனி பத்தவில்லை என்றார்கள். அதன்பிறகு எல்லோருக்கும் ஊற்றி எங்களுக்கு மிஞ்சவில்லை.

அக்காவின் அண்ணனும் குடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கிளம்பட்டுமா என்று அயித்தையைக் கேட்டார். அயித்தை வாய் திறப்பதற்குள், அவர்கள் முன்னால் அதுவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிராத அக்கா சொன்னாள்.

"நீ போய்ட்டு வாண்ணே. எனக்கு அடுப்புல வேல கெடக்கு."

அயித்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். காலி டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, "வெறும் காபியோடயா அனுப்புவ? உலைல கூட ஒரு படி அரிசி போடு, அவுகளும் சாப்பிட்டுப் போகட்டும்" என்றார்கள்.