அரைச்சொட்டு அக்கா

வேலைக்குப் போட்டுப் போகும் நீலக் கோட்டின் மூன்றாவது பொத்தானில் விரல் வழுக்கியதும், எதிரே உட்கார்ந்திருக்கும் கணவரின் கை தானாக நீள்கிறது. "கைய எடுங்க," என்கிறார் அக்கா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். கை மடிக்குத் திரும்பிவிடுகிறது. முதல் நான்கு பொத்தான்களைத் தொட அவருக்கு அனுமதி கிடையாது. கடைசி இரண்டுதான் அவர் பங்கு. கணவர் தையற்காரர். பொத்தானை எடுத்துவிட்டு ஒட்டுப் பட்டை வைத்துத் தருகிறேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிப் பார்க்கிறார். "தையக்காரர் பொண்டாட்டி கோட்டுல பொத்தான் இல்லன்னா உங்க கடைக்கு யாரு வருவா?" என்று அவர் வாயை அடைத்துவிடுகிறார் அக்கா.

குடிநீர் வாரியத்தின் மீட்டர் சோதனைக் கூடத்தில் அக்காவுக்கு இது இருபத்திரண்டாவது வருடம். வீடுகளிலிருந்து கழற்றி வரும் தண்ணீர் மீட்டர்களைப் பத்துப் பத்தாக மேசையில் மாட்டி, தண்ணீர் விட்டு, மீட்டர் காட்டும் அளவும் தொட்டியில் விழுந்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது வேலை. ஒத்துப்போனால் ஈய முத்திரை. இல்லாவிட்டால் சிவப்புக் கூடை. ஒருமுறை மேலதிகாரி வீட்டு மீட்டரே கூடைக்குப் போயிற்று. "அரைச் சொட்டுக்கா இந்தப் பாடு படுத்துறீங்க?" என்று அவர் கேட்க, "அரைச் சொட்டானாலும் தப்பு தப்புதான் சார்," என்றார் அக்கா. அன்று ஒட்டிக்கொண்டதுதான் 'அரைச்சொட்டு அக்கா' என்ற பெயர். முகத்துக்கு நேராகக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்வதில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம் போல ஏற்றுக்கொள்கிறார்.

ஆறு வருடமாக அவருக்குத் தசைகள் தேயும் நோய். தொடையில் தொடங்கி விரல்களுக்கு வந்திருக்கிறது. இன்னும் போகும், திரும்பாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "என் உடம்பு தவணை தவணையா ராஜினாமா குடுத்துக்கிட்டு இருக்கு. நான்தான் இன்னும் ஏத்துக்கல," என்பார் அக்கா. எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் நாற்காலிகளைத்தான் தேடும். உயரம் போதுமா, கைப்பிடி இருக்கிறதா, எழுந்துகொள்ள முடியுமா? தாழ்வான சோபா போட்ட வீடுகளில் நின்றபடியே நலம் விசாரித்துவிட்டு வந்துவிடுவார். "மாப்பிள்ள பாக்குறப்பகூட என்னைய இவ்வளவு உத்துப் பாக்கலயே," என்று கணவருக்குக் குறை.

போன வருடம் சோதனை மேசையருகே விழுந்தார். பணியாளர் பிரிவு அதிகாரி கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான், நல்லவர்கள் செய்யும் கெடுதலைத் தடுப்பது கஷ்டம். "நீங்களே விருப்ப ஓய்வுன்னு எழுதிக் குடுத்துட்டா கௌரவமா போயிடலாம்மா," என்றார். "கௌரவமா வேலைக்கு வந்துட்டுத்தானே சார் இருக்கேன்?" என்றார் அக்கா. சட்டத்தையும் படித்துவிட்டுத்தான் போயிருந்தார். வேலையில் இருக்கும்போது ஊனம் வந்தால் ஆளை அனுப்பக் கூடாது, முடிந்த வேலையை அதே சம்பளத்தில் கொடுக்க வேண்டும். அதிகாரி மறுக்கவில்லை. ஆனால் குறைந்தது நாற்பது சதவீத ஊனம் என்று மருத்துவக் குழு சான்றிதழ் தர வேண்டும். அது இல்லாவிட்டால், 'வேலைக்குத் தகுதியில்லை' என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

இங்கேதான் அக்கா தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். மருத்துவக் குழுவுக்குப் போகிற நாளன்று, முந்தைய நாள் முழுக்க ஓய்வெடுத்த உடம்பு, மடிப்புக் கலையாத புடவை, படிய வாரிய தலை. உள்ளே நிமிர்ந்து நடந்தார். மாடிப்படி ஏறுவீர்களா? "ஏறிடுவேன்." தலை வாரிக்கொள்வீர்களா? "வாரிக்குவேன்." பிறர் உதவி தேவைப்படுகிறதா? "அதெல்லாம் யாருக்கும் தொந்தரவு குடுக்க மாட்டேன்." முப்பத்திரண்டு சதவீதம் என்று தாள் வந்தது.

"வேலைக்கு எடுக்கிற இண்டர்வியூன்னு நெனச்சிட்டியா?" என்றார் கணவர். அவருக்கு நல்ல கோபம். அக்காவுக்கு வந்தது கோபமில்லை, வெட்கம். விருந்தாளி வந்தால் ஒழுங்காக இருக்கிற அறையை மட்டும் காட்டுகிற புத்தி. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் என்னவென்று? முடியவில்லை என்று அழுது காட்ட அவருக்கு வராது. நடிக்கவும் வராது. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காம் நாள், மேசையில் ஒரு பழைய மீட்டர். முழு ஓட்டத்தில் பிசகில்லாமல் ஓடிற்று. பாதி ஓட்டத்தில் கொஞ்சம் தயங்கியது. நூல் போல மெல்லிய ஓட்டத்தில் முள் அசையவே இல்லை. அதனால்தான் எந்த மீட்டரையும் மூன்று ஓட்டத்திலும் பார்க்காமல் முத்திரை போடக் கூடாது என்பது கூடத்து விதி. அக்கா குழாயை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "ஒரே ஓட்டத்துல பாத்துட்டு நான் எந்த மீட்டருக்காவது சீல் வச்சிருக்கேனா? என்னைய மட்டும் ஒரு ஓட்டத்துல பாத்தா எப்படி? அதுவும் ஃபுல் ஓட்டத்த நானே தொறந்து காட்டியிருக்கேன்!"

அன்று மாலையே சோதனைப் படிவத்தைப் போலக் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வீட்டில் தயாரானது. நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, பொத்தான் போடுவது. காலை, மதியம், சாயங்காலம் என்று அறுபது நாள். கடிகாரம் பிடிக்கிற வேலை கணவருக்கு. முதல் வாரமே பிடிபட்டார்: பொத்தான் போட ஆன நான்கு நிமிடம் நாற்பது வினாடியை நான்கு நிமிடம் என்று எழுதியிருந்தார். "மனசு கேக்கலம்மா," என்றார். "பாசத்த வாசல்ல வச்சிட்டு வாங்க. இங்க அளவு மட்டும்தான்," என்று அந்தப் பக்கத்தையே திருத்தி எழுத வைத்தார் அக்கா.

மேல்முறையீட்டுக் குழுவில் ஒரு பெண் டாக்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார், "படி ஏறுவீங்களா?"

"ஏறுவேன் டாக்டர். பதினாலு படிக்கு மூணு நிமிஷம் பத்து செகண்ட், நடுவுல ரெண்டு தடவ உக்காரணும். சாயங்காலமானா ஏற முடியாது."

தரையில் உட்கார்ந்து எழுந்து காட்டச் சொன்னார்கள். கூடப்பிறந்த தங்கைக்குக்கூட அக்கா அதைக் காட்டியதில்லை. காட்டினார். கையைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே தான் ஏறுவது போல எழுந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இது காலை ஓட்டம்," என்றார். அவரைவிட நிமிர்ந்து நின்ற ஆள் அந்த அறையில் இல்லை.

ஐம்பத்தெட்டு சதவீதம். "பள்ளிக்கூடத்துலகூட இவ்வளவு பாடுபட்டு மார்க் வாங்கல," என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தவர், ஆட்டோவில் ஏறியதும் அவர் தோளில் சாய்ந்து அழுதார்.

பணி ஆணை போன வாரம் வந்தது. அதே மேசை, அதே சம்பளம். உயரமான நாற்காலி உண்டு. மீட்டரைத் தூக்கி மாட்ட வேறு ஆள். ஓட்டம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அக்கா. அதிகாரி மூன்று பிரதிகளோடு தானே கூடத்துக்கு வந்தார். விரல்களின் நிலைமை கேள்விப்பட்டிருப்பார் போலும், பரிவாக ஒரு மைப் பெட்டியையும் திறந்து வைத்தார். "கட்டை விரல் வச்சா போதும்மா. சாட்சிக் கையெழுத்து நான் போட்டுக்கிறேன்."

அக்கா மைப் பெட்டியை மூடி அவர் பக்கமே நகர்த்தினார். பேனாவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முதலெழுத்தோடு முழுப் பெயரையும் எழுத ஆரம்பித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் குழாய்களை மூடிவிட்டுப் பார்த்தார்கள். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்து முடித்ததும் அதிகாரி அவசரமாக, "ஒண்ணுல போட்டா போதும்மா, மத்ததுக்கு நகல் எடுத்துக்கலாம்," என்றார்.

அக்கா இரண்டாவது பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.