வளையல் கழலாத கை

என்னிடமுள்ள திருப்பதி ஆஸ்பத்திரிச் சீட்டில் ஆங்கிலத்தில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறது: வலது உள்ளங்கை, கட்டைவிரல் அடியில் கட்டி, கர்ப்பம் எட்டாம் மாதம். முத்திரையில் 1997 தெரிகிறது. தேதி மை ஊறி அழிந்துவிட்டது. கிழமை செவ்வாய். அது மறக்காது. குவைத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் போனில் கிடைப்பார். இன்னும் மூன்று நாள் என்று அன்று முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன்.

வளைகாப்பின்போது கட்டி சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. மாசமாக இருப்பவளுக்கு வரும் வீக்கம் என்று நினைத்து, விளக்கெண்ணெய் தடவி வளையல்களை ஏற்றிவிட்டார்கள். பிரசவம்வரை அவற்றைக் கழற்றுவதில்லை. ஒரு மாதத்தில் சுண்டைக்காய் நெல்லிக்காயானது. ஒரு வளையலும் அதைத் தாண்டி இறங்கவில்லை.

டாக்டரம்மா தெலுங்கு கலந்த தமிழில் பேசினார். "சீக்கிரமா பெருசாவுது. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பாம நல்லதா கெட்டதான்னு நான் எப்படிம்மா சொல்றது? மரத்துப்போற ஊசிதான், வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்குக் காலையில வாங்க. மணிக்கட்டுல காஜுலு, அதான் வளையல், ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

கழலாத கண்ணாடி வளையலை உடைக்கத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் வளையலை உடைப்பது அவள் புருஷன் செத்த பிறகுதான்.

வெளியே பெஞ்சில் என் மாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "அவன் கடலுக்கு அந்தாண்ட இருக்கறான். இங்க நானு மருமக வளையலை ஒடைக்கறதா?" பிறகு, "உங்கம்மா ஊட்ல ஒரு சைஸ் பெருசா வாங்கியாந்திருந்தா இன்னா கொறஞ்சா போயிருப்பாங்க?" என்றார்.

"கெட்ட கட்டியா இருந்தா இன்னா அத்தே பண்றது?"

என்னால் உட்கார முடியவில்லை. குழாயடிவரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். கையை மூட முயன்றேன், மூடவில்லை.

"நீ குந்து" என்று சொல்லிவிட்டு அத்தை தெருவுக்குப் போனார். வெகுநேரம் கழித்துக் கடையிலேயே பெரிய பச்சை வளையல் ஒன்றோடு வந்தார்.

"போன் பூத்துல அவன்கிட்ட பேசிட்டேன். ஒடைக்கச் சொல்லிட்டான்."

"செவ்வாக்கெழமையில எப்படி கெடைச்சாரு?"

"கெடைச்சான். கையை நீட்டு."

முதலில் புது வளையலைக் கட்டியைத் தாண்டி ஏற்றினார். பிறகு என் மணிக்கட்டில் முந்தானையைச் சுற்றி, தன் பாக்குவெட்டியால் பழையவற்றை ஒவ்வொன்றாக நெரித்தார். "ஒரு நொடிகூட கை வெறுமையா இல்ல, பாத்துக்கோ" என்றார். என்னிடம் அல்ல, எதிரே தெரிந்த மலையிடம்.

மறுநாள் அந்த ஒற்றை வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றி, பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டுக் கட்டியை எடுத்தார்கள். முடிவு வரும்வரை கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் அது கெட்டதல்ல, அபூர்வமாக வரும் சாதாரணக் கட்டி என்று தெரிந்தது. கர்ப்பத்தால் வேகமாக வளர்ந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா, அடித்துச் சொல்லவில்லை. மகள் பிறந்தபோது அவளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

கணவர் ஊருக்கு வந்த பிறகு கேட்டேன். அப்படி ஒரு போன் வந்ததாக அவருக்கு நினைவில்லை. வரவில்லை என்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். அத்தையிடம் கேட்டால், "அந்தக் கதை இப்ப எதுக்கு? உன் எதிர்ல நல்லாத்தான துன்னுகினு இருக்கறான்?" என்கிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை திருப்பதியிலிருந்து குவைத்துக்குப் போன் போனதா என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.