ஏழாவது பூச்சு

ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள். எனக்கு ஆக்கவே பொறுக்காது. குழியில் வேகும் பணியாரத்தைக் குத்திப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கரண்டிக் காம்பால் அடி வாங்குகிற பிள்ளை நான். அப்படி ஒரு பிள்ளை இருக்கிற வீட்டில் சித்தப்பா கிட்டாருக்குப் பெயிண்ட் அடித்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புரட்டாசி. நான் ஐந்தாம் வகுப்பு. திருநெல்வேலி டவுன் வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. கல்லூரி முடித்து இரண்டு வருடமாகச் சித்தப்பாவுக்குக் கிட்டார்தான் உலகம். பாளையங்கோட்டையில் மெல்லிசைக் குழு வைத்திருந்த ஒருவர், விஜயதசமி காலையில் வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார். அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

“அன்னைக்கு எடுத்துக்கிட்டாம்னா சரி. இல்லன்னா மறுநாளே அம்பாசமுத்திரம் மில்லுல போயி வேலைக்குச் சேருத.”

சித்தப்பா ஊரைவிட்டுப் போய்விட்டால் சாயங்காலம் என்னைச் சைக்கிளில் வைத்து ஆற்றுக்குக் கூட்டிப்போக யாரும் கிடையாது. ஆகவே அந்தக் குழுவில் இடம் கிடைக்க வேண்டுமென்று, அவர் வேண்டினாரோ என்னவோ, நான் தினமும் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டேன்.

கிட்டார் பழையது, யாரோ வாசித்துக் கழித்தது. கம்பிகளை முறுக்கிக் கட்டும் அதன் தலைப்பக்கம் மட்டும் பெயிண்ட் உரிந்து சொறி பிடித்தாற்போல் இருந்தது. “இந்தத் தலையோட போயி அங்கன எப்படி நிக்க? கண்ணாடி மாதிரி கருகருன்னு இருக்கணும்” என்றார் சித்தப்பா. மூன்று வாரத்துக்கு முன்பே கம்பிகளையும் முறுக்குச் சாவிகளையும் கழற்றிவிட்டார்.

பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் ஓர் அண்ணாச்சியிடம் யோசனை கேட்டு வந்தோம். மரம் தெரியும்வரை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். மரத்தின் நரம்புப் பள்ளங்களைப் பட்டி வைத்து நிரப்ப வேண்டும். கறுப்பை மெலிசாக ஒரு பூச்சு அடித்து, காயவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த வாட்டர் பேப்பரால் பைய தேய்த்து, மறுபடியும் ஒரு பூச்சு. “மேல காய்ஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் கெடக்கும். கடைசிப் பூச்சுக்குப் பொறவு ஒரு வாரம் நகம் படப்பிடாதுவே” என்று அந்த அண்ணாச்சி சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

தூசி விழாமல் இருக்க, நடுவீட்டில் என் தொட்டில் தொங்கிய கொக்கியில் கிட்டாரைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். எல்லாரும் குனிந்து குனிந்து போனோம். “கல்யாணப் பொண்ணுக்கு மை தீட்டுத மாதிரில்லா தீட்டுதிய” என்று அம்மா கேலி செய்தாள்.

நாலாவது பூச்சில் என் பல் வரிசையே அதில் தெரிந்தது. முடிந்தது என்று நான் குதித்தேன். சித்தப்பா டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு கொசுக் கால் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். தேய்த்தார். ஐந்தாவதில் ஓரத்தில் அலையடிக்கிறது என்றார். ஆறாவதில் பிரஷ் மயிர். மழை மூட்டத்தில் எதுவும் சீக்கிரம் காயவில்லை. அவர் அரை மணிக்கு ஒருதரம் வந்து பார்ப்பார், நான் கால் மணிக்கு ஒருதரம். இரண்டு இட்லிக்குமேல் அவருக்கு இறங்கவில்லை. கிட்டாருக்கென்று வாங்கி வந்திருந்த புதுக் கம்பிப் பொட்டலம் அலமாரி மேலேயே இருந்தது.

ஏழாவது பூச்சு விழுந்தது சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். பூஜையன்று சாயங்காலம் என் புத்தகங்கள், அப்பாவின் பேனா எல்லாவற்றோடும் கம்பியில்லாத கிட்டாரையும் கொலுவுக்கு முன்னால் வைத்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. அதை நினைத்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. அம்மா கர்ப்பூரம் எடுக்க உள்ளே போன நேரத்தில், ஒரே ஒருதரம், கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

விரலில் கறுப்பு ஒட்டவில்லை. அப்பாடா என்று குத்துவிளக்குப் பக்கம் சாய்ந்து பார்த்தால், என் ரேகை அத்தனையும் கறுப்பில் பதிந்திருந்தது. அம்மா எல்லாப் புத்தகத்துக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தாள். நானும் கிண்ணத்திலிருந்து சந்தனம் எடுத்து ரேகைமேல் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். பார்க்க வெகு பக்தியாக இருந்தது.

இரவு முழுக்கப் புரண்டேன். காலையில் சித்தப்பா ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தார். சந்தனம் போயிற்று. கீழே பெயிண்ட் வெளிறி வட்டமாக மங்கியிருந்தது, வட்டத்துக்குள் என் விரல்.

“ஐயையோ, பொட்டு வச்சு நாந்தான் கெடுத்துட்டனா?” என்று அம்மா பதறினாள்.

“நாந்தான் சித்தப்பா” என்று நான் ஓவென்று அழுதேன்.

அவர் அடிக்கவில்லை. அந்த வட்டத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு சிரித்தார்.

“அழாதட்டி. ஒண்ணும் ஆவல.” அப்பா பக்கம் திரும்பினார். “அண்ணே, இதோட போயி நிக்க முடியாது. மொதல்லேருந்து தேய்க்கணும். பத்து நாளாவது ஆவும்.”

“பத்து நாளு ஒனக்காக எவம்லே காத்துக் கெடப்பான்?”

“அதுவுஞ் சரிதான்” என்று சித்தப்பா இலை முன்னால் உட்கார்ந்தார். எட்டு இட்லி சாப்பிட்டார். என்னைத் தேற்றத்தான் இப்படிச் சாப்பிடுகிறார் என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது. மறுநாள் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறும்போதுகூட என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போனார். அவரை ஊரைவிட்டு அனுப்பியது என் விரல்தான் என்று எத்தனையோ வருடம் மனம் அடித்துக்கொண்டது. ஏழாவது பூச்சு காய ஒரு வாரம் வேண்டும், விஜயதசமிக்கோ இரண்டே நாள்தான் இருந்தது என்ற கணக்கு அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கையில் அலமாரி மேலிருந்து அந்தக் கம்பிப் பொட்டலம் விழுந்தது. ஒட்டுப் பிரிக்காமல் அப்படியே இருந்தது. “சித்தப்பா வந்தா குடுக்கணும், எடுத்து வை” என்றாள் அம்மா. மேலே படிந்திருந்த தூசியில் கட்டைவிரலை ஒருதரம் அழுத்தி, ரேகை விழுகிறதா என்று பார்த்துவிட்டு, நான் விளையாட ஓடிவிட்டேன்.